காரணம்: பறந்து வந்த கல்

முன்கண்ணாடிங்களா தம்பி? மன்னிச்சுக்கோணும், ஒட்டுக் கேக்கலீங்க. பக்கத்துல உக்காந்துட்டுப் போன்ல பேசினா காதுல விழத்தானே செய்யும். கரூர் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து பாக்கறேன், மூணு பேர்கிட்ட விசாரிச்சுட்டீங்க, மூணு பேரும் மூணு விதமாச் சொல்லிட்டாங்க. அதான் எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. என் பேரு சென்னியப்பன். வெள்ளகோயில்ல எறங்கோணும். முப்பத்தோரு வருஷம் வண்டி இன்சூரன்ஸ் ஏஜென்டா இருந்தவனுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. பாலிசி ஃபுல் கவரா, வெறும் தேர்ட் பார்ட்டியா? தேர்ட் பார்ட்டின்னா பேச்சை இத்தோட முடிச்சுக்கலாம். நீங்க அடுத்தவனை இடிச்சா அவனுக்குக் குடுக்கறது அது. உங்க கண்ணாடிக்கு ஒண்ணும் வராது. ஃபுல் கவருங்களா? அப்பச் சரி. விரிசல் எவ்வளவு பெரிசு? அஞ்சு ரூபாக் காசு அளவுன்னா, ஓட்டறவர் கண்ணுக்கு நேரா இல்லைன்னா, பசை ஊத்தி அடைச்சுருவாங்க, அரை மணி நேர வேலை. ஒரு முழம் ஓடிருச்சுங்களா? அப்ப மாத்தித்தான் ஆகோணும். பயப்படாதீங்க. கண்ணாடிக்குத் தேய்மானம் புடிக்க மாட்டாங்க. ரப்பரு, பிளாஸ்டிக்குக்கெல்லாம் பாதி கழிச்சுருவாங்க, கண்ணாடிக்கு மட்டும் வண்டி எத்தனை பழசா இருந்தாலும் புது விலை. கையில இருந்து கொஞ்சம் கட்டோணும், அது எல்லா க்ளெய்முக்கும் உண்டு. க்ளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு ஒரு தள்ளுபடி குடுப்பாங்க பாருங்க, அது போயிருமா நிக்குமான்னு மட்டும் கேட்டு வெச்சுக்கங்க. கண்ணாடி மட்டும்னா சில கம்பெனில கண்டுக்க மாட்டாங்க.

அப்புறம், கம்பெனிக்குச் சொல்லாம கடையில விட்டு மாத்திறாதீங்க. நெறையப் பேர் அங்கதான் கோட்டை விடறாங்க. சேதத்தை மதிப்புப் போடக் கம்பெனி சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது. நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஃபாரம் குடுப்பாங்க. அதுல தேதி, நேரம், இடம், யார் ஓட்டுனாங்க எல்லாம் கேட்டுட்டு, கீழ ஒரு கட்டம் இருக்கும். சேதம் எப்படி ஏற்பட்டது, காரணம் என்னன்னு.

அதுல நடந்ததை எழுதுங்க தம்பி. வேற எதையும் எழுதிறாதீங்க.

ஏன் சிரிக்கறீங்க? ஏஜென்ட் சொல்ற பேச்சா இதுன்னா? சிரிங்க, சிரிங்க. போன வருஷம் யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன்.

எங்க பக்கம் எப்படின்னா, ஒருத்தனுக்கு வண்டி அடிபட்டுதுன்னா கம்பெனிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி என் ஊட்டுக்குத்தான் வருவான். "ஏனுங்க, என்ன எழுதலாம்?" அதான் முதல் கேள்வி. நான் உக்கார வெச்சு, மோர் குடுத்து, நாப்பது கேள்வி கேப்பேன். எத்தனை மணி, எந்த இடம், யாரு ஓட்டுனா, யாரு பக்கத்துல உக்காந்திருந்தா, எதுத்தாப்புல யாரு வந்தா, பாத்தவன் எவனாச்சும் இருக்கானா. எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்புறம் நானா ஒண்ணு எழுதுவேன். நடந்தது ஒரு பக்கம் இருக்கும், எழுதறது ஒரு பக்கம் இருக்கும். திருட்டுத்தனம் இல்லீங்க. உடைஞ்சது நெசமா உடைஞ்சிருக்கும். காரணத்தை மட்டும் கொஞ்சம் சீவி சுத்தம் பண்ணித் தருவேன்.

எங்க ஊர்ல மயில் ஜாஸ்திங்க. அரிசிக்கடை வேலுமணி கார்ல ஒரு மயில் வந்து மோதி, கண்ணாடி தூளாப் போச்சு. மயில்னு எழுதினா என்னாகும்? மயில் செத்துச்சா பொழைச்சுதா, ஃபாரஸ்ட்டுக்குச் சொன்னயா, அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. நான் கல்லுன்னு எழுதினேன். முன்னால போன லாரி டயர்ல இருந்து கல் பறந்து வந்து பட்டது. ஒரு வாரத்துல க்ளெய்ம் வந்துருச்சு. பையன் கிரிக்கெட் பந்து அடிச்சாலும் கல்லு. பக்கத்து ஊட்டுக்காரன் சண்டையில கட்டையால அடிச்சாலும் கல்லு. கல்லுக்கு நம்பர் பிளேட் கெடையாது பாருங்க. யாரைப் போய் விசாரிப்பான்? இந்தக் கரூர் கோயமுத்தூர் ரோட்டுல பறந்த கல்லுல பாதி என் பேனாவுல இருந்து பறந்ததுதான்.

ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைங்க. முப்பத்தோரு வருஷத்துல சென்னியப்பன் எழுதின ஃபாரம் ஒண்ணுகூட. அந்தப் பேரு எனக்கு இருந்துது. அதை நான் பெருசா நெனைச்சுட்டேன்.

எனக்கு ஒரே பொண்ணு. கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். எங்கூட்டுக்காரி தவறி ஆறு வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் நானும் அவளும்தான். பி.எட். படிச்சுருக்கா. கரூர்ல இருந்து சம்பந்தம் வந்துது, பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கற குடும்பம். பையன் பேரு பூபதி. பாத்தாலே பவ்யம். "மாமா, மாமா"ன்னு வார்த்தைக்கு வார்த்தை மாமா. அவிய ஒண்ணும் கேக்கலைங்க, அதைச் சொல்லிறோணும். நாங்களா ஆசைப்பட்டு ஒரு காரு குடுத்தோம். வரதட்சணை இல்லீங்க, சீருங்க. அதுலயும் நான் உசாரு. ஆர்.சி. பொண்ணு பேருல, பாலிசி பொண்ணு பேருல. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவளுக்குப் பாதுகாப்பு வேணும்ல? எல்லா கவரும் போட்டேன். இஞ்சினுக்கு, டயருக்கு, சாவி தொலைஞ்சாக்கூட. அந்த வண்டில கவர் இல்லாத எடம் எதுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாங்களா? இருங்க, நான் ஒரு வாய் குடிச்சுக்கறேன். தொண்டை காஞ்சு கெடக்குது. காலையில இருந்து கோர்ட்டு வாசல்ல நின்னது.

ஆமாங்க, கோர்ட்டுக்குத்தான் வந்தேன். சொல்றேன்.

போன வருஷம் சித்திரை ஒண்ணாந் தேதி. ரெண்டு பேரும் விருந்துக்கு வர்றதாச் சொல்லியிருந்தாங்க. பதினோரு மணிக்கு வண்டி வந்து நிக்குது. நான் வாசலுக்கு ஓடுறேன். பாத்தா முன்கண்ணாடி இடது பக்கம் மேல, பெரிய சிலந்தி வலையாட்டம் உடைஞ்சு நிக்குது. மாப்பிள்ளை எறங்குனாரு. பாருங்க, இப்பவும் வாயில மாப்பிள்ளைன்னுதான் வருது. "மாமா, கல்லு பட்டுருச்சுங்க, லாரி ஒண்ணு முன்னால போனான்"னாரு. வாணி எறங்குனா. நெத்தியில முடிய எறக்கி விட்டிருந்தா. என்கிட்ட வந்து நின்னா. நான், "யாரும் வண்டியத் தொடாதீங்க"ன்னேன்.

அதான் தம்பி என் வாயில வந்த முதல் வார்த்தை. வா கண்ணுன்னுகூட இல்லை.

போனை எடுத்துட்டு வந்து நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தேன். கிட்ட, தூர, சாய்ச்சு, நிமுத்தி. மாப்பிள்ளை குடை புடிக்கறாரு, வெயில் கூசுதுன்னு. அந்தப் போட்டோல ஒண்ணுலகூட என் பொண்ணு இல்லை. அவ சமையக்கட்டுக்குப் போயி, தனியா நின்னு, விருந்துச் சாப்பாட்டை அவளே சூடு பண்ணிட்டு இருந்தா.

சாப்பிட்ட பொறகு ஃபாரத்தை எடுத்தேன். என்கிட்டக் கட்டுக் கட்டா இருக்கும். மாப்பிள்ளை உள்ள படுத்துத் தூங்கறாரு. வாணி வந்து எதுத்தாப்புல உக்காந்தா. நான் சரசரன்னு எழுதறேன். காரணம் எழுதற கட்டத்துக்கு வந்ததும் அவ சொன்னா, "அப்பா, நடந்ததை எழுதுங்கப்பா."

நான் சிரிச்சேன் தம்பி. "நடந்ததை எழுதறதுக்கு எதுக்குக் கண்ணு அப்பன், யாரு வேணா எழுதலாமே"ன்னேன்.

"இல்லைங்கப்பா. நடந்ததை எழுதுங்க."

"அதெல்லாம் எழுதினா க்ளெய்ம் நிக்காது"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டா. பாலிசி அவ பேருல இல்லீங்களா, அவதான் போடோணும். கையெழுத்து பாலிசில இருக்கற மாதிரி இல்லையேன்னு இன்னொரு ஃபாரத்துல மறுபடி போட வெச்சேன். ரெண்டாவது தடவை சரியாப் போட்டா.

நீங்க கேக்க வர்றது புரியுது. உங்களுக்குத் தெரியலையான்னு கேக்கறீங்க.

பொய் சொல்லக்கூடாது. நகத்தால தடவிப் பாத்தேன். வெளிய இருந்து கல் பட்டா வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், நகம் சிக்கும். உள்பக்கம் வழவழன்னு இருக்கும். கண்ணாடி ரெண்டு தகடுங்க, நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாள், அதான் சிதறாது. இதுல வெளிப்பக்கம் வழவழன்னு இருந்துது. உள்பக்கம் நகம் சிக்குச்சு. கண்ணாடி வெளியப் பாத்து உப்பியிருந்துது. சரி, பிரேக் அடிச்சிருப்பாரு, இவ பெல்ட் போட்டிருக்க மாட்டா, தலை முட்டியிருக்கும், சொல்லறதுக்கு வெக்கப்பட்டுட்டுக் கல்லுங்கறாங்கன்னு நெனைச்சேன். பெல்ட் போடலைன்னு எழுதினா நாலு கேள்வி வரும். அதுக்குக் கல்லே தேவலை. இப்படித்தான் நெனைச்சேன் தம்பி. நெனைச்சேன்னு சொல்றதா, நெனைச்சுக்கிட்டேன்னு சொல்றதா, எனக்கே தெரியலை.

பரமத்தி தாண்டிருச்சுங்களா? ம்.

ரெண்டு நாள் கழிச்சு சர்வேயர் வந்தாங்க. ஒரு பொம்பளை. ஜெசிந்தான்னு பேரு, திண்டுக்கல்காரங்க. நாப்பது வயசு இருக்கும். எனக்குப் பழக்கமான சர்வேயர் லீவு, அதனால இவங்களை அனுப்பிட்டாங்க. வெள்ளகோயில் ஒர்க்‌ஷாப்புல வண்டி நிக்குது. நான் டீ சொன்னேன், வேண்டாம்னுட்டாங்க. கண்ணாடிய வெளிய தடவுனாங்க, உள்ள தடவுனாங்க. அப்புறம் கதவைத் தொறந்து அந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்தாங்க. உக்காந்துட்டு நிமிந்து பாத்தாங்க. உடைஞ்ச எடம் அவங்க நெத்திக்கு நேரா இருந்துது. விரிசல்ல இருந்து என்னமோ ரெண்டு விரலால எடுத்தாங்க. வெள்ளைத் தாள் ஒண்ணு கேட்டு அதுல வெச்சாங்க. மூணு முடி. நீளமான முடி.

"ஐயா, இந்த சீட்டுல யாருங்க உக்காந்திருந்தது?"

"என் பொண்ணுங்க."

"நான் அவங்களை ஒரு தடவை பாக்கலாங்களா?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "நீங்க கண்ணாடியப் பாக்க வந்தீங்களா, பொண்ணைப் பாக்க வந்தீங்களா?"ன்னேன். ஒர்க்‌ஷாப்புல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அந்தம்மா பையை எடுத்துட்டுக் கெளம்புனாங்க. போகும்போது கார்டு ஒண்ணைக் குடுத்தாங்க, பின்னால அவங்க சொந்த நம்பரைக் கையால எழுதி. "இதை உங்க பொண்ணுகிட்டக் குடுங்க ஐயா. க்ளெய்முக்காக இல்லீங்க"ன்னாங்க. சட்டைப் பையில வெச்சேன். அந்தச் சட்டை சலவைக்குப் போயிருச்சு. வேணும்னு பண்ணலைங்க. மறந்துட்டேன்.

ஆனா ஒண்ணை மறக்கலை. அன்னைக்குச் சாயங்காலமே ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்க எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தாரு. "அந்தம்மா தேவையில்லாத கேள்வியெல்லாம் கேக்கறாங்க, ஆளை மாத்துங்க"ன்னேன். மாத்துனாங்க. புதுசா வந்தவரு டீ குடிச்சாரு, நாலு போட்டோ எடுத்தாரு, போயிட்டாரு. ஒன்பதாம் நாள் புதுக் கண்ணாடி மாட்டியாச்சு. எனக்குப் பெருமை தாங்கலைங்க. மாப்பிள்ளைகிட்டப் போன் போட்டு, "பாத்தீங்களா, மாமனோட பவரை"ன்னேன். அவரு, "ஃபாரத்துல ஒரு காப்பி குடுங்க மாமா, பைல்ல வெச்சுக்கறேன்"னாரு. எவ்வளவு பொறுப்பான பையன்னு நெனைச்சு, காப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் குடுத்தேன். உறை போட்டுக் குடுத்தேன் தம்பி.

வண்டி எடுத்துட்டுப் போக ரெண்டு பேரும் வந்தாங்க. கெளம்பும்போது வாணி முன்னால உக்காந்து, புதுக் கண்ணாடி வழியா என்னையே பாத்துட்டு இருந்தா. நானும் முன்னால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். ஓரத்துல ரப்பர் பீடிங் சரியா உக்காந்திருக்கா, பசை எங்கயாச்சும் வெளிய வழிஞ்சிருக்கான்னு. அவ மூஞ்சியப் பாக்கலை. அத்தனை தெளிவான கண்ணாடி, அந்தப் பக்கம் என் பொண்ணு உக்காந்திருக்கா, நான் ரப்பரைப் பாத்துட்டு நின்னேன்.



ஆடி மாசம் போன் பண்ணுனா. "நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுங்களாப்பா?" "தீபாவளிக்கு ரெண்டு பேரும் சேந்து வாங்க கண்ணு, தனியா வந்தா ஊர்ல என்ன நெனைப்பாங்க"ன்னேன். "சரிங்கப்பா"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், எதுத்துப் பேச மாட்டா. தீபாவளிக்கு மாப்பிள்ளை மட்டும் வந்து ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டு, அவளுக்குக் காச்சல்னு சொல்லிட்டுப் போனாரு. காச்சல்னா ஒருத்தன் போய்ப் பாக்க மாட்டானா? நான் போகலை.

தை மாசம் அவளே ஒரு பையைத் தூக்கிட்டு அந்த ஊட்டை விட்டுக் கெளம்பிட்டா. எங்கூட்டுக்கு வரலை. கரூர்லயே பொம்பளைங்க ஹாஸ்டல்ல சேந்துட்டா. பக்கத்துல ஒரு ஸ்கூல்ல வேலை. கேஸ் போட்டிருக்காங்கறதே எனக்கு அவ வக்கீலம்மா போன் பண்ணித்தான் தெரியும். அடிச்சதுன்னு எழுதிக் குடுத்திருக்கா. தேதி போட்டு, ஒண்ணொண்ணா. அதுல முதல் தேதி என்ன தெரியுங்களா? சித்திரை ஒண்ணு.

அதுக்குப் பதிலா அந்தப் பக்கத்து வக்கீல் என்ன தாக்கல் பண்ணியிருக்காரு? பிளாஸ்டிக் உறை போட்ட என்னோட ஃபாரம்.

வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாங்க. "ஐயா, நீங்க சாட்சி சொல்லோணும். வாணி நடந்ததை எழுதச் சொன்னா, க்ளெய்முக்காக நான்தான் கல்லுன்னு எழுதினேன்னு. இது ஒண்ணு போதும். சொல்லுவீங்களா?" சொல்றேன்னேன். நேத்து முழுக்கக் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். என் பொண்ணுக்காக இதைச் சொல்ல மாட்டனா?

இன்னைக்குக் காலையில கூண்டுல ஏறுனேன். எங்க வக்கீலம்மா கேட்டது வரைக்கும் சரியாத்தான் போச்சு, பொண்ணு, கல்யாணம், காருன்னு. ஃபாரம் பேச்சுக்கு வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்து வக்கீல் எந்திரிச்சு ஏதோ ஆட்சேபணை சொல்ல, அது நின்னு போச்சு. அப்புறம் அவரு குறுக்கு விசாரணை. பேப்பரை நீட்டுனாரு.

"இது உங்க எழுத்தா?"

"ஆமாங்க."

"பறந்து வந்த கல் பட்டதால்னு எழுதினது நீங்கதானே?"

"நாந்தானுங்க."

"மேலே கண்டது அத்தனையும் உண்மைன்னு உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்காங்க. முப்பத்தோரு வருஷம் ஏஜென்ட் நீங்க. பொய்யா எழுதிக் கம்பெனிய ஏமாத்துனீங்களா? அப்ப இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு எழுதினீங்க? பேரு சொல்லுங்க பாக்கலாம்."

பின்னால பெஞ்சுல வேலுமணி உக்காந்திருந்தான். வேற ஏதோ அவன் சொத்துக் கேஸுக்கு வந்திருக்கான். இன்னும் ரெண்டு பேரு எங்க ஊர்க்காரங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. பொய்யுன்னு சொன்னா என்ன ஆகும்? முப்பத்தோரு வருஷமும் பொய்யாப் போயிரும். கேஸ் என் மேல வருமோ, நான் எழுதிக் குடுத்தவிய மேல வருமோ. ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வெச்சுட்டு நடப்பேன்? அந்தப் பக்கம் வாணி நிக்கறா. பாக்கலை நான். பேப்பரைத்தான் பாத்தேன். என் எழுத்து அழகா இருந்துது.

"நான் பொய் எழுதினதில்லைங்க"ன்னேன். "கல்லுதானுங்க."

வக்கீல், "அவ்வளவுதாங்க ஐயா, நன்றி"ன்னுட்டு உக்காந்துட்டாரு. எங்க வக்கீலம்மா எந்திரிச்சு ரெண்டு கேள்வி கேட்டாங்க. என்ன கேட்டாங்கன்னு எனக்குக் காதுல விழலை. ஞாபகம் இல்லைங்க, ஞாபகம் இல்லைங்கன்னே சொன்னேன். கீழ எறங்கி வந்தேன்.

நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க தம்பி? திரும்பிக்கங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

வெளிய வராண்டாவுல வாணி வந்தா. திட்டுவா, அழுவான்னு நெனைச்சேன். திட்டியிருந்தாத் தேவலை. "வெயிலா இருக்குதுங்கப்பா, இப்படி நெழல்ல வந்து நில்லுங்க"ன்னா. "மாத்திரை போட்டீங்களா"ன்னா. அப்புறம் முடிய ஒதுக்கிக் காதுக்குப் பின்னால சொருகுனா. அப்பத்தான் பாத்தேன். நெத்தி ஓரத்துல ஒரு தழும்பு. முடி முளைக்கலை அந்த எடத்துல. ஒரு வருஷமா இருந்திருக்குது, நான் இன்னைக்குப் பாக்கறேன்.

"அப்பா, ஊர்ல எவன் வண்டி அடிபட்டாலும் நாப்பது கேள்வி கேப்பீங்க. என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களாப்பா?"ன்னா.



"இப்பக் கேளுங்க. சொல்றேன்"னா. நெசமாத்தான் சொன்னா. கோவமே இல்லை. நான் கேக்கறதுக்காக நின்னா, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி.

வேலுமணி வெளிய வந்துட்டு இருந்தான். நான், "அப்புறம் பேசிக்கலாம் கண்ணு. நாலு பேர் பாக்கறாங்க"ன்னேன்.

சரிங்கப்பான்னுட்டுப் போயிட்டா. அவ முதுகைப் பாத்துட்டே நின்னேன். நடக்கறதுல அப்படியே அவங்கம்மா. அவங்கம்மா இருந்திருந்தா அந்தச் சித்திரை ஒண்ணாந் தேதியே முடிய ஒதுக்கிப் பாத்திருப்பா. கார்ல இருந்து எறங்கறதுக்குள்ள பாத்திருப்பா.

இன்னைக்கு வரைக்கும் அந்த வண்டிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது தம்பி. உங்ககிட்ட ஒரு மணி நேரமாப் பேசறேன், அது மட்டும் என்கிட்ட இல்லை. நான் கேக்கவே இல்லை.

வக்கீலம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. மறுபடி கூண்டுல ஏத்தறதுக்கு மனுப் போடலாமாம். பொய் எழுதினேன்னு ஒத்துக்கறதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லோணுமாம். இல்லைன்னா அந்தத் தேதியவே விட்டுட்டு மத்ததை வெச்சுப் பாக்கறோம்ங்கறாங்க. மத்ததுக்கெல்லாம் சாட்சி யாரு? ஊட்டுக்குள்ள நடந்ததுக்கு எவன் சாட்சி வருவான்?

என்னுங்க? இப்பவே போன் போட்டு அவகிட்டக் கேக்கறதா? பஸ்ஸுலயா?

என்னன்னு ஆரம்பிக்கறது தம்பி? நீங்க சின்ன வயசு, சுலபமாச் சொல்லிட்டீங்க. ஊர் போய்ச் சேந்து, கை கால் கழுவி, ஒரு காப்பி குடிச்சுட்டு நிதானமா… ஆமாங்க. ஆமாங்க, நீங்க சொல்றது சரிதான். ஊர் போய்ச் சேந்தாக் கேக்க மாட்டேன்.

இந்தப் போன்ல எப்படிங்க, மூக்குக்கண்ணாடி போடலை நான். வாணின்னு இருக்கும் பாருங்க. அமுக்குங்க. குடுங்க.

ஆ. வாணி. அப்பாதான். ஒண்ணுமில்லை கண்ணு. பஸ்ஸுல வந்துட்டு இருக்கேன். போட்டுட்டேன், மாத்திரை போட்டுட்டேன். நீ சாப்பிட்டயா? ம். ம். சரி, வெச்சர்றேன்…

இல்லை. வெக்காத கண்ணு. இரு.

அன்னைக்கு. சித்திரை ஒண்ணு. வண்டிக்குள்ள என்ன கண்ணு நடந்துச்சு?

…

இருக்கேன். கேக்கறேன், நீ சொல்லு. முழுசாச் சொல்லு. யாரு பாத்தா என்ன, பாக்கட்டும்.

…

தம்பி, கண்டக்டர் வர்றாரு. நான் வெள்ளகோயில்ல எறங்கலைன்னு சொல்லிருங்க. காங்கேயத்துக்கோ கோயமுத்தூருக்கோ, எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவுக்கு ஒரு டிக்கெட் வாங்கிருங்க. இந்தாங்க.

சொல்லு கண்ணு. அங்க எதுக்கு வண்டிய நிறுத்துனான்? ம். என்னைப் பத்தியா? நான் ஏதாச்சும் சொன்னேன்னா? ம். நீ என்ன சொன்னே?

ம்.

முடியப் புடிச்சுக் கண்ணாடில அடிச்சானா?

எத்தனை தடவை கண்ணு?

…

இல்லை, அழுவலை. பஸ்ஸு சத்தம். வெள்ளிக்கிழமை அப்பா வர்றேன், வக்கீலம்மாகிட்டச் சொல்லிரு. அது அப்புறம். நீ சொல்லு. நாலாவது தடவைக்கு அப்புறம் என்ன ஆச்சு, அதைச் சொல்லு.